மிச்ச விரல்களுக்கு ஒரு பிடி

அந்த ரம்பத்தை நான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தது பல் செட்டுகளுக்கு நடுவில்தான். திருச்சி புத்தூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது என் தொழில். என் மேசையில் எப்போதும் யாராவது ஒருவருடைய தாடை பிளாஸ்டரில் வெளுத்துக் கிடக்கும். அன்று மதியம் அக்கா ஓர் அரிசிச் சாக்கைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, அதை என் காலடியில் இறக்கினாள். உள்ளே இரும்பு இரும்போடு மோதும் சத்தம். சாக்கைக் கிழித்துக்கொண்டு ரம்பத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யார் காலிலாவது குத்திவிடப் போகிறதே என்று அதை மட்டும் உருவி மேசைமேல் வைத்தேன். நீளமான பழைய தகடு, பல் எல்லாம் கூராக இருந்தன. பிடி மட்டும் பாதிக்கு மேல் உடைந்து, திருகாணியோடு ஒட்டிக்கொண்டிருந்த சிறு துண்டு மரம்தான் மிச்சம்.

"இதெல்லாம் வீட்டுல இருக்கக் கூடாதுடி. உளி, அரம், எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை மாமாவுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி உடனே இறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. முசிறிப் பக்கத்து ஆள். தச்சு வேலை. நாங்கள் தொட்டியத்தில் வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து எடமலைப்பட்டி புதூரில் குடியேறினார். அதிகம் பேசாத மனிதர் இல்லை. நிறையப் பேசுவார். சாப்பிடும்போது பேசுவார், சைக்கிளை உருட்டிக்கொண்டே பேசுவார், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார். நான் படித்து முடித்து இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, "நானும் பல்லுக்காரன், நீயும் பல்லுக்காரி. என் பல்லு மரத்தைக் கடிக்கும், உன் பல்லு முறுக்கைக் கடிக்கும்" என்று சொல்லித் தானே சிரித்தார். அந்தப் பழைய ரம்பத்தைக் கல்யாணத்துக்கு முன்பே பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கியிருந்தார். இந்த மாதிரித் தகடு இப்போது வருவதில்லை என்பார். பட்டறையில் மெஷின்கள் வந்த பிறகும் அதை விடவில்லை.

அந்த மெஷின்களில் ஒன்றுதான் கையை எடுத்தது. பலகை இழைக்கும் மெஷின். மரத்தில் ஒரு கணு இருந்திருக்கிறது. பலகை எகிறியது, கை உள்ளே போனது. அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வலது கையில் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. மற்ற மூன்றும் தப்பின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாள்வரைகூடப் பேசிக்கொண்டுதான் இருந்தார். கட்டுப் பிரிக்கட்டும், பார்த்துக்கலாம் என்றார். கட்டுப் பிரித்த மறுநாள் ரம்பத்தை எடுத்து, ஸ்டூல் மேல் ஒரு பலகையை வைத்து, மிச்ச விரல்களால் பிடித்து அறுக்கப் பார்த்திருக்கிறார். கட்டைவிரல் இல்லாததால் ரம்பம் கைக்குள் புரண்டது. இடது கையில் பிடித்தார், கோடு கோணிக்கொண்டு போனது. மறுபடி வலது கை. மறுபடி புரண்டு கீழே விழுந்தது. அப்போதுதான் அதை எடுத்து வாசற்படிக்கல்லில் ஓங்கி அடித்தார். பிடி சிதறியது. அதோடு பேச்சும் நின்றது.

கையைச் சுற்றி ஒரு துண்டு. எந்நேரமும் துண்டு. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அக்கா ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வார், அதுவும் அவள் அழுதால்தான். ஒரு மத்தியானம் அவள் துணி உலர்த்தப் போன நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். காவிரிப் பாலத்தில், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றிருக்கிறார். அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோக்காரர், ஒருகாலத்தில் தன் வீட்டுக்கு வாசல் நிலை செய்து கொடுத்தவர் என்று அடையாளம் தெரிந்து, பேச்சுக் கொடுத்து, வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டுப் போனார். "அம்மா, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னாராம். அக்காவுக்கு அந்த மூன்று வார்த்தை போதும். அன்று மாலையே வீட்டிலிருந்த கயிறு, எலி மருந்து, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்ட ஆரம்பித்தாள். அந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் என் மேசையில் கிடந்த ரம்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், நான் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போவேன். போய் என்ன செய்வது என்று தெரியாது. மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சட்டைக்குள் முதுகெலும்பு தனித்தனியாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அக்காவும் பாதியாகிவிட்டாள். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தாள். தூங்கப் போகும்போது தன் சேலைத் தலைப்பை அவருடைய வேட்டியோடு முடிந்து வைத்துக்கொண்டாள். ஒருநாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"காவிரியில தண்ணி வரக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன்டி."

நான் நிமிர்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"அன்னிக்கு வெறும் மணலா இருந்துச்சு. அதான் அவரு நின்னு யோசிச்சிருக்காரு. தண்ணி ஓடியிருந்தா யோசிச்சிருக்க மாட்டாரு. மழை வேண்டாம், மேட்டூர் நிரம்ப வேண்டாம். எல்லா சாமிகிட்டயும் அதைத்தான் கேக்குறேன்."

வாழைக்குத் தண்ணீர் இல்லாமல் அப்பா வாய்க்கால் கரையில் நின்று வானத்தைப் பார்த்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆடிப் பெருக்குக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வேண்டுதல் வந்ததைக் கேட்டபோதுதான், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்கு முழுசாக உறைத்தது. ஒருவரல்ல, இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரம்பத்துக்குப் பிடி போடலாம் என்று எனக்குத் தோன்றியது பெரிய யோசனையால் அல்ல. சும்மா இருக்க முடியாததால் தோன்றியது. சாப்பாட்டு இடைவேளையில் அந்த உடைந்த துண்டைக் கழற்றிப் பார்த்தேன். நான் மரவேலை செய்தவள் இல்லை. ஆனால் மெழுகில் பல் செதுக்கியிருக்கிறேன். அக்ரிலிக்கைத் தேய்க்கும் சிறு மோட்டார் என் மேசையிலேயே இருந்தது. லேபில் கேட்டேன், இடைவேளையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார்கள். எங்கள் தெருவில் கரண்ட் கம்பிக்காகப் பூவரசு மரத்தின் கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு துண்டைக் கொண்டு வந்து, பழைய பிடியின் உருவத்தை மனசில் வைத்துச் செதுக்கினேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. திருகாணி முடுக்கி, அடுத்த ஞாயிறு வரும்வரை காத்திருந்து கொண்டு போனேன். பையிலிருந்து எடுத்தபோது, திருகாணி போன இடத்திலிருந்து விளிம்புவரை வெடித்திருந்தது.

அக்கா அதைப் பார்த்ததும் முகம் சுருங்கினாள். ரம்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெடித்த பிடியை நான் மறைக்கும் முன் மாமா திரும்பிப் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பச்சை மரம்" என்றார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். ஆனால் நான் ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. "பேசினாருல்லடி? நீயும் கேட்டேல்ல? நானாக் கற்பனை பண்ணிக்கலையே?" என்று கேட்டாள். இல்லை, பேசினார் என்றேன்.

மறுநாள் வேலையில் ஒரு வாய் அச்சைக் கையில் எடுத்தபோதுதான் நான் செய்த தப்புப் புரிந்தது. மரம் பச்சையாக இருந்தது மட்டும் அல்ல. முழுக் கை உள்ளவருக்கான பிடியை அல்லவா செய்திருக்கிறேன்! பல் போனவருக்கு நாங்கள் போன பல்லை அளந்து செய்வதில்லை. மிச்சமிருக்கும் ஈறை அச்செடுத்து, அதன்மேல் உட்காருகிற மாதிரிச் செய்கிறோம். ஈறு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. அப்படியானால் அந்தக் கையை நான் பார்த்தாக வேண்டும். துண்டைப் பிரித்தாக வேண்டும்.

அக்காவிடம் சொன்னபோது முடியவே முடியாது என்றாள். தானே அந்தக் கையை வெளிச்சத்தில் பார்த்து நாளாகிவிட்டது என்றாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு நான் மெழுகுத் தகடுகளோடு போனபோது வெந்நீர் வைத்துத் தயாராக இருந்தாள். வேறு எதுவும் மிச்சமில்லை என்பதால் ஒப்புக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். மாமாவின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து துண்டின் முனையைத் தொட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ. அப்புறம் கேக்க மாட்டேன். சத்தியமாக் கேக்க மாட்டேன்" என்றாள். அவள் குரலில் கெஞ்சல்கூட இல்லை, வற்றிப்போயிருந்தது. அதைக் கேட்டுத்தானோ என்னவோ, அவர் கையை அப்படியே விட்டுவிட்டார். அவள் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள்.

பல் இல்லாத வாய்களையே நாளெல்லாம் பார்க்கிறவள், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். ஆனது. தைத்த இடம் சிவந்து, வழுவழுவென்று, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. பெருவிரல் இருந்த இடத்தில் ஒரு மேடு. அதைத் தொடாமலே அவர் உடம்பு நடுங்கியது. வெந்நீரில் இளக்கிய மெழுகை உருட்டி, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"சுடுதா மாமா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"ரம்பத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

மூன்று விரல்களும் மெதுவாக மடங்கின. மெழுகு அவற்றுக்கு இடையில் பிதுங்கியது. அப்போது பெருவிரல் இருந்த அந்த மேடு துடித்தது. முன்னங்கை நரம்பு புடைத்தது. அவர் எதையோ அழுத்திப் பிடிக்கிறார் என்று தெரிந்தது, ஆனால் பிடிக்கிற விரல் அங்கே இல்லை.

"கட்டைவிரல் மடங்குதும்மா" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியுது. நல்லா மடங்குது. நீ பாக்குறியா, இல்லையா?"

அக்கா அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் மெழுகை விடவில்லை. பிடித்த பிடியில் அழுதார். விபத்துக்குப் பிறகு அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். மெழுகு கையிலேயே ஆறி இறுகியது.

அந்த மெழுகைப் பார்த்து அடுத்த பிடியைச் செதுக்கினேன். இந்த முறை மரக்கடையில் நன்றாகக் காய்ந்த பூவரசுக் கட்டையாகக் கேட்டு வாங்கினேன். மூன்று விரல்களுக்கும் தனித்தனிப் பள்ளம். உள்ளங்கை உட்காரக் கிண்ணம் மாதிரி ஒரு குழி. கட்டைவிரல் பிடிக்க வேண்டிய வேலையை மரமே பிடிக்கட்டும் என்று, பக்கவாட்டில் ஒரு மடல் எழுப்பி, அது கையின் முதுகுவரை வளைந்து அணைக்கும்படி விட்டேன். இடைவேளை போதவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோய் அரம் போட்டேன், உப்புத்தாள் போட்டேன். பார்க்க அது ரம்பப் பிடி மாதிரியே இல்லை. ஏதோ ஒரு விலங்கின் காது மாதிரி இருந்தது.

அவர் கையில் அது உட்கார்ந்தது. ரம்பம் புரளவில்லை. ஒரு ஞாயிறு, அக்கா ஸ்டூலை இழுத்துப் போட, ஒரு பழைய பலகையில் கோட்டை ஒட்டி அறுத்தார். நேராகப் போனது. பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. ரம்பத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "வலி உயிர் போகுது" என்றார். மறுபடி துண்டு. மறுபடி சுவர்.

இதோடு விட்டுவிடலாம் என்று தோன்றிய நாள் அது. ஆனால் பொய்ப்பல் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் செய்து கொடுத்த செட் யாருக்கும் சரியாக இருக்காது. குத்துகிறது என்று திரும்பி வருவார்கள். எங்கே என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்போம். மறுபடி வருவார்கள், மறுபடி தேய்ப்போம். அதையே செய்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சிறு அரத்தோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது மாமா?" என்று கேட்பேன். முதலில் தோளைக் குலுக்குவார். பிறகு விரலால் காட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இங்கே ஊசி குத்துற மாதிரி, இங்கே எரியுது, இங்கே ஒண்ணும் இல்ல, இங்கே தொடாதே. எது வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் பேசாதவர், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பேசினார். அந்த வீட்டில் அப்போது நடந்த ஒரே பேச்சு அதுதான்.

அப்படி ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா கடைக்குப் போயிருந்தாள், அவராகவே சொன்னார்:

"அன்னிக்குப் பாலத்துல கீழ வெறும் மணல்மா. ஒரு ஆளு குட்டைத் தண்ணியில மாடு குளிப்பாட்டிட்டு இருந்தாரு. என்னை அண்ணாந்து பாத்தாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. சரி, தண்ணி வரட்டும்னு நெனச்சேன்."

அரம் என் கையில் நின்றுவிட்டது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் வரட்டும் என்பது போல. "இப்பவும் அப்படித்தான் நெனக்கிறீங்களா மாமா?" என்று கேட்டேன். அவர் பிடியை வாங்கிக் கையில் பொருத்திப் பார்த்துவிட்டு, "இங்க இன்னும் குத்துது" என்றார்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மேட்டூர் ஏறுகிறது என்று டீக்கடையில், பஸ்ஸில், எங்கும் பேச்சு. அப்புறம் ஒரு காலையில் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி. முக்கொம்பில் தண்ணீர் வந்ததும் விவசாயிகள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டதைப் பக்கத்து சீட்டுப் பெண் போனில் காட்டினாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது பஸ் பாலத்தில் ஏறியது. மணல் முழுக்க மறைந்து, பழுப்புத் தண்ணீர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். நான் மட்டும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "தெரியும்" என்றாள். டிவியைப் போடவில்லையாம், அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். ஆனால் தெருவே அதைத்தான் பேசுகிறது, எத்தனை நாளைக்கு மறைக்க முடியும் என்றாள்.

ஒருநாள்கூட மறைக்க முடியவில்லை. அன்று மத்தியானமே கூப்பிட்டாள். "இல்லடி, இல்லடி, ஆளக் காணோம்டி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பால் வாங்கக் கடைவரை போய் வந்திருக்கிறாள், அதற்குள் இல்லை. பிடி போட்டதிலிருந்து அங்கேயே வைத்திருந்த ரம்பத்தையும் காணவில்லை. "நான் பாலத்துக்குப் போறேன், நீயும் வா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். புத்தூரிலிருந்து பாலம் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. அன்று தூரமாக இருந்தது.

பாலத்தில் ஒரே கூட்டம். தண்ணீர் வந்த நாளில் திருச்சிக்காரர்கள் செய்வதையே செய்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நீளத்துக்கும் வெறும் முதுகுகள்தான். எல்லோரும் குனிந்து கீழே பார்க்கிறார்கள். எல்லா முதுகும் மாமா முதுகாகத் தெரிந்தது. ஆட்டோவை விட்டு இறங்கி ஒவ்வொரு முதுகாகத் தொட்டுத் திருப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஏற்கெனவே எல்லாம் முடிந்திருந்தால், இந்தக் கூட்டம் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே, சிரிக்கவும் செய்யும், கவனிக்காமலே இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

நடுப்பாலத்தில் நின்றார். தோளில் மஞ்சள் துணிப்பை, அதைக் கிழித்துக்கொண்டு ரம்பத்தின் பல் வெளியே தெரிந்தது. கையில் துண்டு இல்லை. வெறும் கையைச் சுவர்மேல் வைத்திருந்தார். நான் சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் நின்று, பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்ளோ தண்ணி, பாத்தியா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"வாங்க மாமா, போலாம்."

அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்து தூணில் இடித்துச் சுழன்று போனது. என் விரல்கள் மரத்துப்போயின. சட்டை கிழிந்தாலும் விடக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அக்காவின் ஆட்டோ பாலத்தின் நடுவிலேயே நின்றது. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தன. அவள் செருப்பில்லாமல் இறங்கி ஓடி வந்தாள். கட்டிப்பிடித்து அழப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தாள். இரண்டு கைகளாலும், மாறி மாறி, மார்பில், தோளில், முகத்தில். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்துக் குரலுயர்த்தாத என் அக்கா, ஊரே பார்க்க அவரை அடித்தாள். "போறதுன்னா சொல்லிட்டுப் போ! என்னையும் கூட்டிட்டுப் போ! ராத்திரி பகலா நான் ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கேன், தெரியலயா உனக்கு?" முதல்முறையாக அவரை 'உனக்கு' என்றாள். யாரோ ஒருவர் "ஏம்மா, ஏம்மா, விடும்மா" என்று குறுக்கே வந்தார். மாமா அவரைத் தடுத்துவிட்டு, கையை உயர்த்தாமல் நின்று அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டார். கை ஓய்ந்ததும் அவள் நடைபாதையிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அப்போது அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதை அவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன். சுவரை விட்டு விலகி அவள் பக்கத்தில் குந்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையை என்னிடம் நீட்டினார்.

"கட்டைவிரல் அடி வர்ற இடத்துல இன்னும் ஒரு நூல் அளவு தேய்ச்சு எடுக்கணும்மா. உன் லேபுக்குத்தான் கிளம்பினேன். புத்தூர்ல எறங்கல, பஸ்ஸு இங்க கொண்டாந்து விட்டுடுச்சு."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. அதே ஆட்டோவில் மூன்று பேரும் லேபுக்குத்தான் போனோம். அக்காவின் வெறுங்காலில் ரத்தம். கழுவக்கூட விடாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மோட்டாரைப் போட்டு அவர் காட்டிய இடத்தைத் தேய்த்தேன். பொருத்திப் பார்த்தார், தலையசைத்தார், திருப்பிக் கொடுத்தார். மறுபடி தேய்த்தேன். மரத்தூள் பிளாஸ்டர் தாடைகள் மேலெல்லாம் படிந்தது. கடைசியில் பிடித்துப் பார்த்தார், விடவில்லை. "ம்" என்றார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பட்டறைக்கு அவர் திரும்பவில்லை, மெஷின் சத்தம் கேட்டால் உடம்பு உதறும். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஸ்டூல், பலகை, சாமி மாடம் என்று சின்னச் சின்ன வேலை செய்கிறார். நான் செய்த பிடி தேய்ந்த பிறகு அதைப் பார்த்து அவரே ஒன்று செதுக்கிக்கொண்டார், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. சாப்பிடும்போது கொஞ்சம் பேசுகிறார். மழைக்காலத்தில் வலி ஏறிவிடும். அப்போது சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அக்கா எனக்குப் போன் செய்வாள். வேறு எதையோ பேசுவாள், நானும் வேறு எதையோ பேசுவேன். பால் வாங்க இன்றும் தனியாக விட்டுவிட்டுப் போவதில்லை.

இந்த வருஷம் ஆடிப் பெருக்குக்கு அவள் ஸ்ரீரங்கம் வந்தாள். மாமாவும் வந்தார், என் வீட்டில் ஜன்னல் கதவு ஒட்டிக்கொள்கிறது என்று அதைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் அம்மா மண்டபத்துக்குப் போனோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் ஆற்றுக்கு வந்தது அதுதான் முதல்முறை. படித்துறை முழுக்கப் பெண்கள், மஞ்சள், பூ, காதோலை கருகமணி. நான் இறங்கினேன். அவள் கடைசிப் படியில் தண்ணீர் படாமல் நின்றாள்.

"வாக்கா" என்று கை நீட்டினேன்.

"மன்னிப்புக் கேக்கலாம்னுதான்டி வந்தேன்" என்றாள். "அன்னிக்கு அப்படி வேண்டிக்கிட்டேன்ல. ஊரு சனம் சோறு திங்கிற தண்ணிய வர வேண்டாம்னு சொன்னேன்ல."

"சரி, கேளு."

தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.

"வாய் வரலடி. நாளைக்கே அவரு மறுபடி அப்படி எந்திரிச்சுப் போனார்னா, நான் மறுபடியும் அதையேதான் வேண்டுவேன். அப்புறம் எப்படிக் கேக்கிறது?"

கையிலிருந்த பூவை என்னிடம் கொடுத்தாள். நான்தான் அதை ஆற்றில் விட்டேன்.